அவையோரும் படைவாழ்வும்

அயனம்பாக்கம் ஏரிக்கு வடமேற்கே சில கல் தொலைவில் ஆவடி உள்ளது. அரசியல் வரலாறு படித்தோர்க்கு ஆவடி என்றதும் 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபையும், சமதர்ம பாணிச் சமுதாயம் பற்றிய தீர்மானமும் நினைவுக்கு வரும். அம்பத்தூர், அயனம்பாக்கம், திருவேற்காடு, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் வாழும் குடும்பங்களுக்கோ ஆவடி என்பது முதன்மையாகப் படைத்தளவாடத் தொழிற்சாலைகளின் ஊர். படையினர்க்கு உடை தைக்கும் தொழிற்சாலை அங்கே 1961இல் தோன்றியது. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி 1965 டிசம்பரில் வெளிவந்தது. போர் வாகன ஆராய்ச்சி நிலையம் 1976இல் அமைந்தது. எல்லையில் நிற்கும் வீரன் உடுத்தும் உடையும், அவன் ஏறிச் செல்லும் ஊர்தியும் இவ்வட்டாரத் தொழிலாளரின் கைகளில் உருவாகின்றன.

அவ்வுடை எத்தனை தைக்கப்பட வேண்டும், அவ்வூர்திக்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும், வீரன் எத்தனை ஆண்டு பணி செய்ய வேண்டும், பணி முடிந்தபின் அவன் குடும்பம் எதைக் கொண்டு வாழ வேண்டும் என்பவற்றை முடிவு செய்வோர் வேறோரிடத்தில் இருக்கின்றனர். தில்லிப் பாராளுமன்றத்தில் அவர்கள் கை உயர்த்த வேண்டும். அங்ஙனம் கை உயர்த்துவோரில் பெரும்பாலோர் ஒருநாள் இரவேனும் படைமுகாமில் தங்கியவரல்லர். படைவாழ்வை அறியாதோர் படைக்குச் சட்டம் செய்தல் தகுமா? அறியாதோர்க்கு அறிவூட்டும் வழி யாது? இவ்வினாக்களை வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

உஹதின் ஆலோசனை

முதலில் நம் மார்க்க வரலாற்றிலிருந்து தொடங்குவோம். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, கி.பி. 625இல், மக்கத்துக் குறைஷியர் பெரும்படை திரட்டி மதீனாவை நோக்கி வந்தனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை அழைத்து ஆலோசித்தார்கள். ஊருக்குள்ளிருந்தே எதிர்ப்பது நலம் என்பது பெருமானாரின் கருத்தாக இருந்தது. ஆயின் வெளியே சென்று பொருத வேண்டுமெனப் பலர் வற்புறுத்தினர். அங்ஙனம் வற்புறுத்தியோருள் முந்நின்றவர்கள், முந்தைய ஆண்டின் பத்ருப் போரில் கலந்துகொள்ளும் பேறு கிட்டாதவர்களும் இளைஞர்களுமே என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அவர்தம் ஈமானிலோ வீரத்திலோ குறையில்லை. களத்தைக் கண்ணால் காணாத ஆர்வம் அவர்களிடம் இருந்தது. நபிகளார் கவசம் அணிந்து வெளிவந்தபோது அவர்கள் தம் வற்புறுத்தலை எண்ணி வருந்தினர். எனினும் எடுத்த முடிவு நின்றது.

அந்நாளில் நேர்ந்த பேரிழப்புக்குக் காரணம், குன்றின்மீது நிறுத்தப்பட்ட வில்லாளிகளில் பலர் கட்டளைக்கு முன் இடம் பெயர்ந்தமையே. ஊரைவிட்டு வெளிச்சென்றதே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் நம் ஆய்வுக்கு உதவும் செய்தி ஒன்று அதன் பின்னர் உண்டு. எழுபது தோழர்கள் ஷஹீதான அப்போருக்குப்பின், இனி ஆலோசனை வேண்டா என்று இறைவன் விலக்கவில்லை. அவர்களை மன்னித்து, அவர்களோடு கலந்தாலோசிக்குமாறே ஆலு இம்ரான் அத்தியாயத்தில் கட்டளையிட்டான். அனுபவம் குறைந்தோர் பேசினர் என்பதற்காக அவையின் வாயை அடைத்துவிடலாகாது. அவையோர் அனுபவத்தைப் பெறுவதற்கு வழி செய்தல் வேண்டும். மத்ரஸாவில் உஹதுப் பாடத்தை நடத்துந்தோறும் நாம் மாணவர்க்கு வலியுறுத்தும் கருத்து இதுவே.

அவ்வழி எத்தகையது என்பதை ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போர் காட்டிற்று. மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டும் யோசனையைப் பாரசீகத்தில் அம்முறையை அறிந்திருந்த ஸல்மான் (ரலி) அவர்கள் கூறினார்கள். அதை ஏற்ற நபிகளார் கட்டளையிட்டுவிட்டு ஓய்ந்திருக்கவில்லை. தாமே மண் சுமந்தார்கள்; தோழர்களோடு பசித்திருந்தார்கள். கட்டளை இடுபவரின் தோளிலும் அகழின் புழுதி படிந்திருந்தது.

உமர் (ரலி) கேட்ட வினா

கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் படைகள் ஈராக்கிலும் ஷாமிலும் எகிப்திலும் பரந்து நின்றன. மதீனாவில் இரவு நேரத்தில் அவர்கள் நகர்வலம் வருகையில், ஒரு வீட்டினுள்ளிருந்து ஒரு பெண், போருக்குச் சென்று நெடுநாளாகியும் திரும்பாத கணவனை எண்ணிப் பாடுவது செவியில் விழுந்தது. மறுநாள் தம் மகளும் நபிகளாரின் துணைவியாருமான ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எத்துணைக் காலம் பொறுத்திருக்க இயலும் என வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் விடை குறித்து அறிவிப்புகள் வேறுபடுகின்றன. விடை எதுவாயினும், அவ்வளவு காலத்திற்குமேல் எந்த வீரரையும் வீட்டைப் பிரித்து நிறுத்தலாகாது எனப் படைத்தலைவர்களுக்கு ஆணை சென்றது.

இந்நிகழ்ச்சியைக் கலீபாவின் இரக்கத்திற்குச் சான்றாக மட்டும் கொள்வது போதாது. சட்டம் எவ்வாறு பிறக்க வேண்டும் என்பதற்கும் இது சான்று. படை எத்தனை நாடுகளை வென்றது என்னும் கணக்கு அவர்களிடம் இருந்தது. அக்கணக்கில் இப்பெண்ணின் துயரம் பதியப்படவில்லை. தெருவில் நடந்தமையால் அது தெரியவந்தது. தெரிந்தபின் அறிந்தாரிடம் கேட்டார்கள். கேட்டபின் விதி செய்தார்கள். காணல், கேட்டல், விதித்தல் என்னும் மூன்றும் இவ்வரிசையில் நிகழ்ந்தன.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. காதிஸிய்யாப் போருக்கு முன்னர்க் கலீபா தாமே படைநடத்திச் செல்ல எண்ணினார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்றோர் அது தகாது எனவும், கலீபா மதீனாவிலேயே இருத்தல் வேண்டும் எனவும் ஆலோசனை கூறினர். ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) தலைவராக அனுப்பப்பட்டார்கள். படைவாழ்வை அறிவது ஆட்சியாளரின் கடமை. அதற்காக ஆட்சிப் பொறுப்பைக் கைவிட்டுப் படையில் கலந்துவிடுதல் அவர் கடமையன்று. இவ்வெல்லைக்கோட்டை நினைவிற்கொண்டே பிற்காலச் செய்திகளை நோக்குதல் வேண்டும்.

மேல்நாட்டு முயற்சிகள்

பிரிட்டனில் முதல் உலகப்போரின்போது பாராளுமன்ற உறுப்பினர் பலர் போர்முனை சென்றனர். சிலர் உயிரும் இழந்தனர். கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், 1915இல் துருக்கியரை எதிர்த்துத் தார்தனல்ஸில் நடத்திய படையெடுப்பு தோல்வியுற்றதால் பதவி இழந்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைச்சரவையை விட்டு விலகி, பாராளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே பிரான்சின் போர்முனைக்குச் சென்றார். 1916 ஜனவரியில் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றின் தலைமையேற்றுப் பெல்ஜியத்தின் பதுங்குகுழிகளில் சேறும் குண்டும் கண்டார். மே மாதம் அவைக்குத் திரும்பியபின், பதுங்குகுழிகளில் வாழ்வோர், அங்கே செல்லாமலேயே படைச் சம்பளம் பெறுவோர் எனப் படை இருவேறாகப் பிரிந்து கிடப்பதை எடுத்துப் பேசினார். முன்னர் வரைபடத்தில் படை நகர்த்தியவர் அவர். பதுங்குகுழியில் வாழ்ந்தபின் அவர் அவையில் பேசிய பொருளே மாறிவிட்டது.

போரில்லாக் காலத்தில் இவ்வறிவை எங்ஙனம் பெறுவது? பிரிட்டனில் 1980களின் பிற்பகுதியில், சர் நீல் தோர்ன் என்னும் உறுப்பினரின் முயற்சியால் ஒரு திட்டம் தோன்றியது. கட்சி வேறுபாடின்றி இரு அவைகளின் உறுப்பினரும் தரைப்படை, கடற்படை, வான்படைப் பிரிவுகளோடு ஆண்டில் பல நாள் தங்குவர். சீருடை அணிந்து, வீரர் உண்பதை உண்டு, அவர்தம் பயிற்சிகளை உடனிருந்து காண்பர். ஆஸ்திரேலியாவிலும் 2001 முதல் இத்தகைய திட்டம் நடைபெறுகிறது. இதன் நோக்கம் உறுப்பினரைப் போர்வீரர் ஆக்குவது அன்று. சிப்பாயும் ஹவில்தாரும் அதிகாரியின் வாய்வழியாக அன்றித் தம் வாயாலேயே தம் குறையை உறுப்பினரிடம் சொல்ல ஒரு வாய்ப்பை உண்டாக்குவதே இதன் பயன்.

நம் நாட்டின் நிலை

விடுதலை பெற்ற இந்தியாவிலும் இதற்கு ஒரு வாயில் தொடக்கத்திலேயே திறக்கப்பட்டது. தம் தொழிலை விடாமலே குடிமக்கள் ஆண்டில் சில காலம் படைப்பயிற்சி பெற்றுப் பணியாற்றும் பிரதேச இராணுவத்திற்கு 1948இல் சட்டம் இயற்றப்பட்டது. 1949 அக்டோபர் 9இல் அதைத் தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி ஆவார். அரசின் ஊதியப் பதவி வகிப்போர் பாராளுமன்ற உறுப்பினராக இருத்தலாகாது என்பது அரசியல் சட்ட விதி. எனினும் 1959இல் இயற்றப்பட்ட தகுதியின்மைத் தடுப்புச் சட்டம், பிரதேச இராணுவத்தில் பணி செய்வோர்க்கு விலக்கு அளித்தது. நிலைப்படையில் இருப்போர் அரசியலில் ஈடுபட முடியாது. உறுப்பினர் ஒருவர் பிரதேச இராணுவத்தில் சேரலாம். மிகத் தெளிவாக வகுக்கப்பட்ட ஏற்பாடு இது.

ஆயினும் அவ்வாயிலில் நுழைந்தோர் மிகச் சிலர். மத்திய இணையமைச்சராக இருந்த சச்சின் பைலட், தேர்வுகளில் வென்று 2012 செப்டம்பரில் லெப்டினண்ட் ஆனார். பதவியிலிருக்கும் மத்திய அமைச்சர் ஒருவர் அங்ஙனம் சேர்ந்தது அதுவே முதன்முறை. அவர் தந்தையார் ராஜேஷ் பைலட் வான்படையில் பணியாற்றியவர். 2016 ஜூலையில் மக்களவை உறுப்பினர் அனுராக் தாக்கூர் சேர்ந்தார். ஒருவர் காங்கிரஸ்; மற்றவர் பாரதீய ஜனதா. படையும் அவையும் ஒரே கூரையின்கீழ் அறியப்பட்ட குடும்பங்கள் தமிழகத்திலும் உண்டு. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதன்மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயனின் ஒரு மகன் ஜெனரல் குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தளபதி. மற்றொரு மகன் மோகன் குமாரமங்கலம் மத்திய அமைச்சர். ஆனால் இத்தகைய வீடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. நூற்றுக்கணக்கான உறுப்பினர் கொண்ட பேரவை, ஓரிரு குடும்பத்தின் அனுபவத்தை நம்பி நடைபெற இயலாது.

இவ்வறியாமை எத்துணை விலை கேட்கும் என்பதை 1962 காட்டிற்று. அக்டோபர் 20இல் சீனப்படை தாக்கியபோது, நம் வீரர்களில் பலர் பனிமலைக்கு ஏற்ற உடையும் காலணியும் இன்றிப் பருத்திச் சீருடையோடும் துணிக்காலணியோடும் அங்கே நின்றனர். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ணமேனன் பதவி விலக நேர்ந்தது. நவம்பர் 8இல் கூடிய பாராளுமன்றம் நாட்கணக்கில் விவாதித்தது. உறுப்பினர் பலர் உருக்கமாகப் பேசினர். அவ்வுருக்கத்தில் பொய்யில்லை. ஆனால் காலணி பற்றிய வினாவை அதற்கு முந்தைய ஆண்டுகளில் எழுப்பியிருக்க வேண்டும். எழுப்புவதற்கு அம்மலையை யாரேனும் சென்று கண்டிருக்க வேண்டும்.

அந்த அவையில் மஞ்சேரித் தொகுதியின் உறுப்பினராக வீற்றிருந்தவர் நம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்கள். அப்போரின்போது தம் ஒரே மகனை நாட்டின் படைக்கு அனுப்பத் தயார் என்று அவர்கள் முன்வந்ததை நம் குடும்பங்களில் இன்றளவும் பெருமையோடு சொல்கிறோம். அதன் உட்பொருளையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். பிறர் பிள்ளைகளைக் களத்திற்கு அனுப்பும் தீர்மானத்திற்குக் கை உயர்த்துமுன், தம் பிள்ளையை அவ்விடத்தில் நிறுத்திப் பார்த்தவர் அவர். சட்டம் செய்வோர்க்கு இதனினும் நேரிய அளவுகோல் இல்லை.

பனிமலையில் இரு பயணங்கள்

1984 ஏப்ரல் முதல் நம் படை சியாச்சின் பனியாற்றில் நிற்கிறது. குண்டைவிடக் குளிரே அங்கே மிகுதியான உயிர்களைக் குடித்திருக்கிறது. 1998இல் பாதுகாப்பு அமைச்சரான ஜார்ஜ் பெர்னாண்டஸ் அவ்விடத்திற்குப் பன்முறை சென்றார். பனியில் செல்லும் ஊர்திகளுக்கான கோப்பு தலைநகரில் தேங்கிக் கிடப்பதை அறிந்ததும், அதற்குப் பொறுப்பான அதிகாரிகளையே சியாச்சினுக்குச் சென்று தங்கி வருமாறு அவர் பணித்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. மேசைக்குக் கோப்பு வருவதற்குப் பதிலாக மேசைக்காரர் களத்திற்குச் சென்றனர்.

மற்றொரு பயணம் நம் மண்ணின் மைந்தருடையது. இராமேசுவரத்து அப்துல் கலாம், இளமையில் வான்படை விமானியாக விரும்பியவர். 1958இல் டேராடூனில் நடந்த தேர்வில் இருபத்தைவரில் ஒன்பதாம் இடம் பெற்றார், வேண்டப்பட்டோர் எண்மர். அவ்வேமாற்றத்தை 'அக்கினிச் சிறகுகள்' நூலில் அவரே கூறுகிறார். 2002இல் குடியரசுத் தலைவரானார். நம் அரசியல் சட்டத்தின்படி முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் உள்ளது. பாராளுமன்றம் என்பதே குடியரசுத் தலைவரும் இரு அவைகளும் சேர்ந்ததுதான் என 79ஆம் பிரிவு கூறும். எனவே அவரும் சட்டம் செய்யும் அமைப்பின் ஓர் உறுப்பே. 2004 ஏப்ரலில் அவர் சியாச்சின் சென்றார். அங்குச் சென்ற முதல் குடியரசுத் தலைவர் அவரே. 2006 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் 'சிந்துரக்ஷக்' நீர்மூழ்கியில் கடலுக்குள் சென்றார். அவ்வாண்டு ஜூன் 8இல் புனேயில் சுகோய் போர்விமானத்தில் பறந்தார். அப்பொழுது அவர்க்கு அகவை 74. பனியிலும் கடலடியிலும் வானிலும் வீரன் எவ்விதம் மூச்சு விடுகிறான் என்பதை, அப்படைகளின் தலைவர் தம் உடலால் அறிய முனைந்தார் என்பதே இதன் சிறப்பு.

காண்பது மட்டும் போதுமா?

இத்திட்டங்களை எதிர்ப்போர் கூறுவதையும் நேர்மையோடு கேட்டல் வேண்டும். சீருடை அணிந்து புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு அனுபவம் முடிந்துவிடும் என்பர் சிலர். சில நாள் விருந்தில் மயங்கி, படை கேட்பதையெல்லாம் வினாவின்றி உறுப்பினர் வழங்கிவிடுவர் என்பர் வேறு சிலர். இரண்டும் புறந்தள்ளத்தக்க ஐயங்கள் அல்ல. பகட்டான அணிவகுப்பைக் கண்டு திரும்பும் உறுப்பினர் எதையும் கண்டவராகார். சமையற்கூடத்தையும் மருத்துவமனையையும் குடும்பக் குடியிருப்பையும் காணவேண்டும். அவற்றைக் கண்டபின்னும் மக்களின் வரிப்பணத்திற்குக் கணக்குக் கேட்கும் உரிமையைக் கைவிடலாகாது.

ஆவடியில் ஆராயப்பட்ட அர்ஜுன் டாங்கியே இதற்குச் சான்று. 1974இல் 15.5 கோடி ரூபாயில் தொடங்க ஒப்புதல் பெற்ற திட்டம் அது. முதல் டாங்கிகள் படையிடம் சேர்ந்தது 2004இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளின் கதையை அறிய ஆய்வுக்கூடத்திற்கும் செல்லவேண்டும். அதை ஓட்டும் வீரனிடமும் கேட்கவேண்டும். கணக்குப் புத்தகத்தையும் பிரிக்கவேண்டும். ஒன்றை மட்டும் செய்பவர் ஏமாறுவர்.

அனுபவம் இருந்தும் அவை செவிசாய்க்காவிடில் பயனில்லை என்பதற்கும் சான்று உண்டு. முன்னாள் மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரி தலைமையிலான பாதுகாப்பு நிலைக்குழு, தரைப்படையின் தளவாடங்களில் 68 விழுக்காடு பழையவை எனப் படைத் துணைத்தளபதி கூறியதைத் தன் அறிக்கையில் வெளியிட்டது. அவ்வறிக்கை 2018 மார்ச் 13இல் மக்களவையில் வைக்கப்பட்டது. மறுநாள், மார்ச் 14இல், எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் அமளிக்கிடையே விவாதமின்றி நிறைவேறின. 2020 பிப்ரவரியில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, உயர்மலைகளில் நிற்கும் வீரர்க்குப் பனிக்காலணியும் கண்ணாடியும் குறைவுற்றதைச் சுட்டியது. 1962இல் கேட்ட அதே காலணிப் பேச்சை ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் கேட்கிறோம்.

நம் வீடுகளுக்கு இதில் என்ன பங்கு?

இது படைவீரர் குடும்பத்தாரின் கவலை மட்டுமே என்று எண்ணலாகாது. 2021 ஜூன் 30இல் பாதுகாப்புத் தளவாடத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அது பாராளுமன்றச் சட்டம் ஆயிற்று. அக்டோபர் 1இல் 41 தளவாடத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. ஆவடியின் டாங்கித் தொழிற்சாலை ஒரு கம்பெனியிலும், உடைத் தொழிற்சாலை வேறொரு கம்பெனியிலும் சேர்ந்தன. அம்பத்தூரிலும் அயனம்பாக்கத்திலும் எத்தனையோ வீடுகளின் உலை இத்தீர்மானங்களால் கொதிக்கவோ தணியவோ கூடும். 2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் சிப்பாயின் பணியை நான்கு ஆண்டாக்கி, அவருள் 25 விழுக்காடு வரையே நிலைப்பணியில் தொடர வழிசெய்தது. இருபத்து மூன்று வயதில் வீடு திரும்பும் இளைஞனின் பின்வாழ்வு யாது? ஒரு வீரரை எத்துணைக் காலம் பிரித்து வைக்கலாம் என உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். எத்துணைக் காலம் வைத்திருந்துவிட்டு அனுப்பலாம் என்பது இன்றைய வினா. இதற்கும் விடை அறிந்தவர் அவ்வீரனும் அவன் தாயுமே. அவர்களிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்?

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. பாதுகாப்பு நிலைக்குழுவில் இடம்பெறும் ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டில் சில நாளேனும் ஒரு படைப்பிரிவோடு தங்குதல் வேண்டும். நம் மாநிலத்தில் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் உண்டு. சீனப் போரின் படிப்பினையால் 1963இல் பரங்கிமலையில் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி இன்று அகாடமியாக உண்டு. ஆவடித் தொழிற்சாலைகள் உண்டு. கற்க விரும்பும் தமிழக உறுப்பினர் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. அங்ஙனம் சென்றவர் கண்டதை எழுத்தில் அவை முன் வைத்தல் வேண்டும். அவர் மீண்டும் நம் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருங்கால், பாலத்தையும் சாலையையும் குறித்துக் கேட்பதுபோல் இதையும் கேட்பது நம் உரிமை: ஐயா, படைக்குரிய சட்டத்திற்குக் கை உயர்த்தினீர்களே, எந்த முகாமில் எத்தனை இரவு தங்கினீர்கள்? எந்தச் சிப்பாயிடம் பேசினீர்கள்? அவன் வீட்டார் என்ன சொன்னார்கள்?

ஷூரா எனப்படும் கலந்தாலோசனை, திருமறையின் ஓர் அத்தியாயத்திற்கே பெயராக அமைந்த உயர்ந்த நெறி. ஆலோசனை கூறுவோர் அறிந்து கூறினால்தான் அந்நெறி உயிர்பெறும். நம் நாட்டுச் சட்ட அவைகளில் அமர்வோர்க்கு அத்தகைய அறிவையும், அறிந்ததை அஞ்சாது உரைக்கும் உள்ளத்தையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.